ஒத்தப் பழம்

12,36,10,951.

பன்னிரண்டு கோடியே முப்பத்தாறு லட்சத்துப் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. உசிலம்பட்டியில் ஒரு பையன் 1986ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை முழுவதையும் இந்த ஓர் எண்ணுக்குக் கொடுத்தான். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. கூட்டாளிகள் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்த மத்தியான வேளைகளில் அவன் திண்ணையில் குப்புறப் படுத்து வகுத்தல் கணக்குப் போட்டான். நாளுக்கு முப்பதுக்குக் குறையாமல். எதிலும் மீதியில்லாமல் அந்த எண் வகுபடவில்லை. வகுபடக் கூடாது என்பதுதான் அவன் வேண்டுதலும்.

அந்த எண்ணிடம் அவனைக் கொண்டுபோய் விட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவனுடைய அப்பத்தா. இன்னொருவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்.

அப்பத்தாவுக்குச் சந்தையில் எலுமிச்சம்பழ வியாபாரம். சாக்கை விரித்து, மூட்டையைக் கவிழ்த்து, பழத்தைக் கூறு கட்டி வைப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பேரனும் கூடப் போவான். எண்ணிக் கொடுப்பது அவன் வேலை.

"அறுபது அறுபதா எண்ணிப் போடு ராசா. அறுபதுன்னா அஞ்சஞ்சாவும் கட்டலாம், ஆறாறாவும் கட்டலாம். பத்துப் பத்தா வச்சாலும் மிச்சம் நிக்காது."

எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12 என்று எப்படிக் கூறு போட்டாலும் சரியாக வரும் என்பது அவர் கைக்குத் தெரியும். அறுபத்தொன்று வந்துவிட்டால் அந்தக் கூறு எதுவும் தீராது. ஒரு பழம் தனியாக நிற்கும். அதை அப்பத்தா விற்க மாட்டார். "அந்த ஒத்தப் பழத்தக் கருப்புக்கு எடுத்து வையி" என்பார். சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் அது ஊர் எல்லைக் கருப்பசாமியின் காலடிக்குப் போய்விடும்.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண் பகா எண் என்று வகுப்பில் நடத்திய அன்று, பையன் எழுந்து இந்த ஒத்தப் பழத்தைச் சொன்னான். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு வந்தவர் அவர். சாக்பீசை எடுத்துக் கரும்பலகையில் 1 × 2 × 3 × 4 × 5 என்று எழுதினார். விடை 120. அதனோடு ஒரு பழத்தைச் சேர்த்து 121 ஆக்கினார். இப்போது இரண்டிரண்டாகக் கட்டு, மூன்று மூன்றாகக் கட்டு, ஐந்தைந்தாகக் கட்டு. எப்படிக் கட்டினாலும் ஒத்தப் பழம் நிற்கும். ஆக, 121ஐ வகுக்கும் பகா எண் ஐந்தைத் தாண்டித்தான் இருந்தாக வேண்டும். இருக்கிறது: 121 என்பது 11 × 11. எந்த எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் இதே கதைதான். அந்த எண்ணைவிடப் பெரிய ஒரு பகா எண் உள்ளே ஒளிந்திருக்கும். எனவே பகா எண்களுக்கு முடிவே இல்லை. யூக்ளிட் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் காட்டிய வழியின் இன்னொரு வடிவம் இது.

"உங்க அப்பத்தா கட்டுற கூறுதான்டா இது" என்றார் வாத்தியார். பையனுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஒன்றிலிருந்து ஓர் எண் வரை தொடர்ந்து பெருக்குவதை ஃபாக்டோரியல் என்பார்கள். பாடநூலில் காரணீயப் பெருக்கம். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் போதும். 5! என்றால் 120. அடுத்த நாள் வாத்தியார் பையனைத் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கொடுத்தார். அவருடைய கேள்வியல்ல, எஸ்.எஸ். பிள்ளையின் கேள்வி. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1930இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுப்பிய கேள்வி அது. ஓர் எண்ணின் ஃபாக்டோரியலோடு ஒன்றைக் கூட்டு. வரும் எண்ணின் பகாக் காரணிகளை எடு. அவை ஒவ்வொன்றையும் முதலில் எடுத்த எண்ணால் வகுத்தால் மீதி 1தான் வருமா?

பையன் போட்டுப் பார்த்தான். 2! + 1 என்பது 3; இரண்டால் வகுத்தால் மீதி 1. 3! + 1 என்பது 7. மூன்றால் வகுத்தால் மீதி 1. 4! + 1 என்பது 25, அதன் காரணி 5. நான்கால் வகுத்தால் மீதி 1. ஐந்துக்கு 11, மீதி 1. ஆறுக்கு 721 வருகிறது. அது 7 × 103, இரண்டுமே ஆறால் வகுத்தால் மீதி 1. ஏழுக்கு 5041 வருகிறது. அது 71 × 71, ஏழால் வகுத்தால் மறுபடியும் மீதி 1. எங்கு பார்த்தாலும் ஒத்தப் பழம்! விதி கிடைத்துவிட்டது என்று வாத்தியார் வீட்டுக்கு ஓடினான்.

"எட்டுக்குப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பார்த்தான். 8! + 1 என்பது 40,321. அது 61 × 661. 61ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. 661ஐ வகுத்தாலும் மீதி 5. ஆறு தடவை சரியாக வந்த விதி ஏழாவது தடவை உடைந்தது. உடைத்தது அப்பத்தாவின் அதே அறுபத்தொன்று. பையன் முகம் வாடியதைப் பார்த்து வாத்தியார் சொன்னார்: "உடைஞ்சா என்னடா? எந்தெந்த எண் உடைக்குதுன்னு பாரு. கேள்வி இப்பத்தான் பெருசாயிருக்கு." அப்படி விதியை உடைக்கும் பகா எண்களுக்குப் பிற்காலத்தில் பிள்ளை பகா எண்கள் என்றே பெயர் வந்தது. 23, 29, 59, 61, 67, 71 என்று போகும் அந்த வரிசைக்கும் முடிவில்லை என்பது நிறுவப்பட்டிருக்கிறது.

அந்த 71 பையனுக்கு ஏற்கெனவே தெரிந்த எண். அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகளின் கண் எப்போதும் வைகை அணை மேல் இருக்கும். டீக்கடைப் பேப்பரில் அன்றாடம் அணையின் நீர்மட்டம் வரும். மொத்த உயரம் 71 அடி என்று எழுதியிருக்கும். 7! + 1 என்பது அந்த 71ஐ அதனாலேயே பெருக்கினால் வரும் எண் என்று கண்டபோது, அணையே தன் நோட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது அவனுக்கு. ஃபாக்டோரியலோடு ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கமாக வருவது 4, 5, 7 என்ற மூன்று எண்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது: 25, 121, 5041. வேறு எண் உண்டா? பிரான்சில் புரோக்கார் 19ஆம் நூற்றாண்டிலேயே கேட்டார். 1913இல் ராமானுஜனும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் கேட்டார். கணினிகள் வெகுதூரம் தேடிவிட்டன. நான்காவது எண் கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இன்றுவரை யாருமில்லை.

கோடை விடுமுறைக்கு ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து அதன் ஃபாக்டோரியலோடு ஒன்றைக் கூட்டிக் காரணி பிரித்துக்கொண்டு வரச் சொன்னார் வாத்தியார். பையன் பதினெட்டை எடுத்தான். மதுரைச் சீமையில் அந்த எண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அழகர்கோவிலில் இருப்பவர் பதினெட்டாம்படிக் கருப்பு. கொஞ்சம் சின்ன எண்ணாக எடுத்திருக்கலாமே என்று வாத்தியார் நினைத்திருப்பார். தடுக்கவில்லை.

18! என்பது 6,40,23,73,70,57,28,000. பதினாறு இலக்கம். அதைப் பெருக்கி எடுக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. சரிபார்க்க இரண்டு வழி இருந்தது. 5, 10, 15 ஆகிய மூன்றும் ஆளுக்கொரு சுழியம் தருவதால் கடைசியில் மூன்று சுழியம் நிற்க வேண்டும். ஒன்பதால் வகுபட வேண்டும் என்பதால் இலக்கங்களின் கூடுதலும் ஒன்பதின் மடங்காக இருக்க வேண்டும், கூட்டினால் 54. இரண்டும் சரி. கடைசிச் சுழியத்தை அடித்துவிட்டு ஒன்று போட்டான்.

இனி வகுக்க வேண்டும். 2 முதல் 17 வரை உள்ள பகா எண்களைத் தொடத் தேவையில்லை. எல்லாவற்றிலும் ஒத்தப் பழம்தான் நிற்கும். 19 கட்டாயம் வகுக்கும் என்று வாத்தியாரே சொல்லியிருந்தார். ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அந்தப் பகா எண் அதை வகுத்தே தீரும் என்பது வில்சன் தேற்றம். 19 வகுத்தது. 23இல் ஈவின் நடுவே ஒரு சுழியத்தை விட்டுவிட்டான்; இரண்டு நாள் வீணாயிற்று. திரும்பப் போட்டபோது அதுவும் வகுத்தது. 29 வகுத்தது. பிறகு 31, 37, 41, 43, 47, 53, 59 எதுவும் ஒத்துவரவில்லை. 61 வகுத்தது. மறுபடியும் அறுபத்தொன்றா என்று அவன் சத்தமாகச் சொல்ல, உள்ளே இருந்து அம்மா என்னவென்று எட்டிப் பார்த்தார். 67 வகுத்தது. நோட்டில் மிச்சம் நின்ற ஈவு 12,36,10,951.

அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. 71 இல்லை, 73 இல்லை, 79 இல்லை. மே மாதம் பிறந்தபோது அந்த எண் ஒரு பாறையாகி விட்டிருந்தது.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். அதைத் தாண்டிய காரணி ஒன்று இருந்தால், அதற்கு இணையாக அதற்கு உள்ளே இன்னொன்று இருக்கும். 12,36,10,951இன் வர்க்கமூலம் 11,118ஐ ஒட்டி வருகிறது. அதுவரை உள்ள பகா எண்களுக்குப் பையன் எங்கே போவான்? பள்ளிக்கூடத்து லாகரிதம் புத்தகத்தில் அந்தப் பட்டியல் இல்லை. தானே சலித்து எடுத்தான். கட்டம் போட்ட நோட்டுகளில் 11,118 வரை எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்து, மூன்றின் மடங்குகளை அடித்து, 103 வரை உள்ள 27 பகா எண்களின் மடங்குகளையும் அடித்தான். எரட்டோஸ்தனிசின் சல்லடை என்று பெயர் பெற்ற இந்த வேலைக்கு ஒரு வாரம் போயிற்று. அடிபடாமல் தப்பிய எண்களில் 67க்கு மேற்பட்டவை மட்டும் 1,300க்கும் கூடுதல். பஜாரில் தெரிந்தவர் கடையில் கால்குலேட்டர் இருந்தது. கேட்டு வாங்கி எண்ணை அழுத்தினான். அதில் எட்டு இலக்கம்தான் நின்றது. அவன் எண்ணுக்கு ஒன்பது இலக்கம். திருப்பிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கே வந்தான்.

போடி ரயில் வந்து போகும் சத்தம்தான் அந்த நாட்களில் அவனுக்குக் கடிகாரம். வெள்ளைக்காரன் காலத்து மீட்டர் கேஜ் பாதை. வண்டி போகும்போது எத்தனையாவது கணக்கில் இருக்கிறோம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வான். ஒவ்வொரு வகுத்தலையும், இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிச் சரிபார்த்தான். பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்னால் கடைசி வகுத்தியான 11,117க்கு வந்து சேர்ந்தான். ஈவு 11,119, மீதி 1,028. முடிந்தது. அப்பத்தாவிடம் போய், இந்தப் பழத்தை யாராலும் கூறு கட்ட முடியாது என்றான். "அம்புட்டும் கருப்புக்கா?" என்று கேட்டார் அப்பத்தா.

வாத்தியார் நோட்டுகளை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பையன் எதிர்பார்க்காத இடத்தைத் தொட்டார். "ஆயிரத்து முந்நூறு கணக்குல ஒண்ணே ஒண்ணு தப்பாப் போயிருந்தா?" ஒன்பதைத் தள்ளிப் பார்த்திருக்கிறேன் என்றான் பையன். இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்தால் அந்தச் சோதனை கண்டுபிடிக்காது என்றார் வாத்தியார். உண்மைதான். அவன் கண் கலங்கியது. அப்போதுதான் வாத்தியார் ஃபெர்மாவின் தேற்றத்தைச் சொன்னார். இரண்டைத் தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு: இரண்டை, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். வர்க்கம் எடுத்து எடுத்துப் போனால் 12,36,10,951க்கு இந்தச் சோதனை 26 வர்க்கங்களில் முடிந்துவிடும். 1,300 வகுத்தல் எங்கே, 26 வர்க்கம் எங்கே! ஆனால் இதிலும் ஒரு கோளாறு. பகா எண்ணாக இல்லாத சில எண்களும் இதே மீதி 1ஐக் காட்டும். அவற்றில் மிகச் சிறியது 341. அது 11 × 31. போலிகள் என்று அவற்றுக்குப் பெயர். வேகமாகப் பார்த்தால் உறுதி இல்லை. உறுதியாகப் பார்த்தால் வேகம் இல்லை. இரண்டும் சேர்ந்த வழி எந்த எண்ணுக்கும் பொருந்துமாறு இன்னும் யாரிடமும் இல்லை என்று வாத்தியார் சொன்னார். 1986இல் அதுதான் நிலைமை.

சில சிறப்பு எண்களுக்கு மட்டும் வழி இருந்தது. பிரான்சின் லூக்கா 1876இல், 2ஐ 127 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 39 இலக்க எண் பகா எண் என்று காகிதத்திலேயே நிறுவினார். 1951 வரை உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். கையால் கணக்குப் போட்டு அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பது பையனுக்குப் பெரிய தெம்பு.

காரணிகளை அவன் பதினெட்டால் வகுத்துப் போட்ட பட்டியலும் அந்த நோட்டில் இருந்தது. 23க்கு மீதி 5. 29க்கு 11. 61க்கு 7. 67க்கு 13. பிள்ளையின் கேள்விக்கு ஒரே எண்ணுக்குள் நான்கு மறுப்பு. 19 மட்டும் மீதி 1 காட்டி விதிக்குள் நின்றது. 12,36,10,951க்கான வரியை அவன் எழுதவில்லை. பகா எண்ணா இல்லையா என்ற கவலையிலேயே கோடை போய்விட்டதால் அது விட்டுப்போயிற்று.

பிள்ளை யார் என்று பையன் தெரிந்துகொண்டது அன்று மாலை வாத்தியாரோடு நடந்த நடையில். சிறுவயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தந்தையும் போய்விட்டார். ஓர் ஆசிரியர் கை கொடுத்ததால் படிப்பு தொடர்ந்தது. நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று போய் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓர் எண்ணை நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். அதற்கு மேற்பட்ட படிகளுக்கு எத்தனை வேண்டும் என்பது வாரிங் என்பவர் 1770இல் விட்டுச் சென்ற கேள்வி. அதன் பெரும்பகுதியை 1936 வாக்கில் பிள்ளை தீர்த்தார். அமெரிக்காவில் டிக்சனும் அதே காலத்தில் தனியாகத் தீர்த்தார். ஆறாம் படிக்கு 73 போதும் என்று பிள்ளை 1940இல் காட்டினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, பிரின்ஸ்டனுக்கும் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குமாகப் புறப்பட்டவருடைய விமானம் கெய்ரோவுக்குப் பக்கத்தில் விழுந்தது. வயது 49.

ராமானுஜனைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளையைத் தெரிந்தவர்கள் கணிதத் துறைக்குள்தான் இருக்கிறார்கள். அவருடைய கட்டுரைகள் முழுத் தொகுப்பாக வர 2010 ஆயிற்று. இது நியாயமில்லை. பையன் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்த அதே 1986இல்தான் வாரிங் கேள்வியின் கடைசி முடிச்சான நான்காம் படியும் அவிழ்ந்தது. 19 போதும் என்று நிறுவிய மூவரில் ஒருவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன். மற்ற இருவரும் பிரெஞ்சுக்காரர்கள்.

பையன் பெரியவனாகி மதுரையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார். 2002 ஆகஸ்டில் ஒரு காலை, பேப்பரில் அவர் கண்ணில் பட்ட செய்தி பதினாறு வருடம் முந்தைய வாத்தியாரின் கேள்விக்குப் பதிலாக இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணையும் உறுதியாகவும் வேகமாகவும் சோதிக்கும் வழியைக் கண்டுவிட்டார்கள். கயாலும் சக்சேனாவும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்தவர்கள். வழியின் வேர் நம் பள்ளிக்கூடத்துப் பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. ஏழாம் வரிசை 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இரு ஓரத்து ஒன்றுகளைத் தவிர மற்ற எல்லாம் ஏழால் வகுபடும். ஆறாம் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. அதில் 15ம் 20ம் ஆறால் வகுபடா. பகா எண்ணின் வரிசையில் மட்டுமே நடு எண்கள் அத்தனையும் வகுபடும். இதில் போலிகளுக்கு இடமில்லை. ஆனால் பெரிய எண்ணுக்கு அந்த வரிசையை எழுதி மாளாது. வரிசை முழுவதையும் எழுதாமல் அதன் சுருக்கத்தை மட்டும் சோதித்தால் போதும் என்று காட்டியதுதான் மூவரின் சாதனை. நடைமுறையில் இதைவிட வேகமான சோதனைகள் உண்டு. ஆனாலும் உறுதியும் வேகமும் எல்லா எண்ணுக்கும் ஒருங்கே கிடைத்தது இதில்தான். அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் அவர் உசிலம்பட்டி போனார். வாத்தியார் அப்போது உயிரோடு இல்லை.

இன்று பெரிய பகா எண்களின் உலகம் எங்கோ போய்விட்டது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்தான் இதுவரை தெரிந்ததில் பெரியது. 2ஐ 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது; அதை எழுத 4,10,24,320 இலக்கம் வேண்டும். பக்கத்துக்கு 3,000 இலக்கம் அச்சடித்தாலும் 13,600 பக்கத்தைத் தாண்டும். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், முந்நூறு இலக்கத்தை ஒட்டிய பகா எண்கள் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் வகுத்த ரகசியக் குறியீட்டு முறைக்கு அப்படிப்பட்ட இரண்டு பகா எண்கள் வேண்டும். அவற்றைப் பெருக்குவது எளிது. பெருக்கிய விடையைத் திரும்பப் பிரிப்பது நடக்காத காரியம். திண்ணையில் பையன் பட்ட பாட்டை இங்கே பூட்டாக மாற்றியிருக்கிறார்கள்.

ஊரில் இன்னொன்றும் நடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமங்களின் கண்மாய்களுக்கு வைகைத் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாயை ஊரில் ஐம்பத்தெட்டுக் கால்வாய் என்றே சொல்வார்கள். விவசாயிகளின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு அதில் தண்ணீர் ஓடியது. அணையில் 67 அடிக்கு மேல் நின்றால்தான் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறும். செய்தியைப் படித்த அன்று அவர் பழைய பழக்கத்தில் 58ஐப் பிரித்தார். 2 × 29. கால்வாயின் 29, மடையின் 67, அணையின் 71 மூன்றுமே பிள்ளை பகா எண்கள். மூன்றுமே ராமானுஜன் பகா எண்களும்கூட. ராமானுஜன் 1919இல் இரண்டே பக்கத்தில் ஒரு நிரூபணம் எழுதினார். ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையே எத்தனை பகா எண் உறுதி என்பதற்கு அவர் வைத்த எல்லைக்கற்களில் 29, 67, 71 மூன்றும் உண்டு. 71லிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் பாதிக்கும் இடையே குறைந்தது ஒன்பது பகா எண்கள் இருக்கும். 71க்கே எண்ணிப் பார்க்கலாம்: 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71. அணை கட்டியவர்கள் இதை நினைத்துக் கட்டவில்லை. எண்கள் அப்படித்தான் ஒன்றுசேர்ந்து நிற்கும். தெரிந்த கண்ணுக்குத் தெரியும்.

சந்தைக்கு இப்போது போனால் கூறு கட்டிய பழத்துக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை இருக்கிறது. அப்பத்தா இருந்த இடத்தில் வேறொருவர் சாக்கு விரித்திருக்கிறார். அறுபத்தொரு பழத்தைக் கண்டு யோசிக்கும் பிள்ளை இன்றும் அந்தச் சாக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். உசிலம்பட்டி, செக்கானூரணி, ஆண்டிப்பட்டிப் பள்ளிகளில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகா எண் பாடத்தை ஒன்று முதல் நூறு வரை உள்ள பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். எட்டில் அது உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

திண்ணையில் எழுதிய நோட்டுகள் செல்லரித்துப் போய்விட்டன. எண் மட்டும் அவருக்கு மனப்பாடம். கைபேசியில் தட்டியபோது ஒரு நொடிகூட ஆகாமல் பகா எண் என்று வந்தது. பையன் கண்ட விடை சரி. எழுதாமல் விட்ட அந்தக் கடைசி வரியையும் அப்போதுதான் போட்டுப் பார்த்தார். 12,36,10,951 பழத்தைப் பதினெட்டுப் பதினெட்டாகக் கூறு கட்டினால் 68,67,275 கூறு. மீதி ஒன்று.